டெக் மாநாடு நந்தம்பாக்கத்துல.. மாலை சந்திப்பு எங்கே? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி இளைஞர்கள் எதை மிஸ் பண்றாங்க?

சென்னையில் பெரிய டெக்னாலஜி மாநாடு என்றாலே நந்தம்பாக்கம் வர்த்தக மையம்தான் முதலில் நினைவுக்கு வரும். மேடையில் பேசுவதை யூடியூபில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனா, மாநாடு முடிந்த பிறகு நடக்கும் டீ, டின்னர், 'மீட்டப்' எதையும் யூடியூபில் பார்க்க முடியாது. வேலைக்கான அறிமுகம், ஸ்டார்ட்-அப்புக்கான முதல் பேச்சு, புராஜெக்ட்டுக்குத் தேவையான ஆள்.. பல நேரம் இதெல்லாம் கிடைப்பது அங்கேதான்.

அந்த நேரத்துல மேற்கு புறநகர்க்காரங்க எங்கே இருக்காங்க? பலர் பஸ் ஸ்டாப்புல. கடைசி ரயிலைப் பிடிக்கணும், வீட்டுல தேடுவாங்க, ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது என்று கிளம்பிவிடுகிறார்கள்.

இது தனிப்பட்ட ஆர்வக் குறைவா, இல்லை திட்டமிடல் கோளாறா? இதை எப்படி மாத்தலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த மாநாடுகளைப் பற்றிப் பேசுறோம்?

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை 'யுமாஜின் டிஎன்' மாநாட்டை நடத்துகிறது. 2023 மார்ச் 23 முதல் 25 வரையும், 2024 பிப்ரவரி 23, 24 தேதிகளிலும், 2025 ஜனவரி 9, 10 தேதிகளிலும் இது சென்னை வர்த்தக மையத்தில் நடந்தது. 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் உலக முதலீட்டாளர்கள் மாநாடும் இதே இடத்தில்தான் நடந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் 'கணித்தமிழ் 24' மாநாடும் சென்னையில் நடந்தது.

அரசு மாநாடுகள் மட்டுமில்லை. பைத்தான் மொழி புரோகிராமர்கள் கூடும் 'பைகான் இந்தியா' 2019 அக்டோபரில் சென்னைக்கு வந்தது.

இந்த வர்த்தக மையம் இருப்பது மவுண்ட் – பூந்தமல்லி சாலையில். அதாவது பூந்தமல்லிக்காரருக்கு ஒரே ரோடு. வரைபடத்தில் பார்த்தால், ஓ.எம்.ஆர்-ல் இருப்பவரைவிட போரூர், காட்டுப்பாக்கம், பூந்தமல்லி ஆட்களுக்குத்தான் இது பக்கம். ஆனா மாலை ஆனதும் கதை மாறுது. சந்திப்புகள் கிண்டி, அண்ணா சாலை, ஓ.எம்.ஆர் பக்கம் உள்ள ஓட்டல்களுக்கு நகர்ந்துவிடுகின்றன. மேற்கே போகவேண்டியவர் அங்கே போனால், திரும்பும்போது அதே தூரத்தை இரட்டிப்பாகக் கடக்கணும்.

மாலை சந்திப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

'சும்மா டீ குடிச்சுட்டுப் பேசுறதுதானே' என்று தோன்றலாம். ஆனால் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவதைவிட, லேசாகத் தெரிந்தவர்களிடமிருந்து அதிகம் வருகிறது என்பது அவர் முன்வைத்த கருத்து. காரணம் எளிது. நம்ம நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புது தகவல் வரணும்னா, அது புது வட்டத்திலிருந்துதான் வரணும்.

2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதை லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் அதிகமான பயனர்களிடம் சோதித்துப் பார்த்தது. ஓரளவு மட்டுமே பழக்கமுள்ள தொடர்புகள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. அதிலும் டிஜிட்டல் தொழில்நுட்பம் அதிகம் புழங்கும் துறைகளில் இந்தப் பலன் கூடுதலாக இருந்தது.

இப்போ இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க. அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ, அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையிலோ வேலை பார்த்திருப்பார். பிள்ளைதான் குடும்பத்தின் முதல் இன்ஜினீயர். வீட்டுக்கு வரும் உறவினர் யாரும் சாஃப்ட்வேர் கம்பெனியில் இல்லை. 'மாமா ஒரு வார்த்தை சொன்னா வேலை கிடைக்கும்' என்ற வசதி அவருக்குக் கிடையாது. அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த லேசான அறிமுகம் அதிகம் தேவை. ஆனா, அதைத் தரும் சந்திப்பிலிருந்து முதலில் கழன்றுகொள்வதும் அவர்தான்.

மேற்கு புறநகருக்கு என்ன தனிப் பிரச்னை?

மூன்று ஊரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாலும், மூன்றுக்கும் போக்குவரத்து வேற வேற.

• ஆவடி: சென்ட்ரல் – அரக்கோணம் மார்க்கத்தில் முக்கியமான நிலையம். இங்கேயே முடியும் ரயில்கள் நிறைய உண்டு. ஆவடியைத் தாண்டி பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் போகிறவர்களுக்கு ரயில்கள் குறைவு.

• அம்பத்தூர்: ரயிலும் உண்டு, திருமங்கலம் மெட்ரோவில் இறங்கி பஸ்ஸில் எஸ்டேட் வழியாகவும் போகலாம். ஆனா, ஸ்டேஷனிலிருந்து உள்பக்கம் இருக்கும் நகர்களுக்குப் போக ஷேர் ஆட்டோவை நம்பணும். இரவில் அது குறையும்.

• பூந்தமல்லி: ரயில் நிலையமே கிடையாது. பெரும்பாலும் பஸ்தான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் பூந்தமல்லி – கலங்கரை விளக்கம் வழித்தடம் 26.1 கி.மீ. நீளம். 2025 மார்ச்சில் பூந்தமல்லி பக்கம் ஓட்டுநர் இல்லா ரயிலின் சோதனை ஓட்டம் நடந்தது. ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்தத் தடம் போரூரைத் தாண்டி வடபழனி பக்கம் போகிறது. நந்தம்பாக்கம் வருவது மாதவரம் – சோழிங்கநல்லூர் தடத்தில். அதனால் பூந்தமல்லியிலிருந்து வர்த்தக மையத்துக்கு மெட்ரோவில் வரணும்னா, வழியில் தடம் மாறித்தான் ஆகணும்.

இதோடு இன்னும் இரண்டு சிக்கல். ஒன்று பணம். ஓட்டல் டின்னரில் தலைக்கு ஆகும் செலவும் இரவு டாக்ஸி கட்டணமும் சேர்ந்தால், மாணவருக்கோ புதுசா வேலைக்குச் சேர்ந்தவருக்கோ அது பெரிய தொகை. இன்னொன்று வீடு. 'ராத்திரி பத்து மணிக்கு ஓட்டல்ல என்ன மீட்டிங்?' என்ற கேள்விக்கு, குறிப்பாகப் பெண்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கு. பலர் கேள்வி வருவதற்கு முன்பே 'நான் வரலை' என்று சொல்லிவிடுகிறார்கள்.

அப்போ எங்கிருந்து திட்டமிடத் தொடங்கணும்?

பொதுவாக ஏற்பாட்டாளர்கள் முதலில் இடத்தைப் பிடிப்பார்கள். அப்புறம் சாப்பாடு, அப்புறம் நேரம். 'எல்லாரும் எப்படி வீட்டுக்குப் போவாங்க' என்பது கடைசியில் வரும், அல்லது வரவே வராது.

இதைத் தலைகீழாகப் போடணும். வீடு திரும்பும் வழியிலிருந்து பின்னோக்கி வரணும்.

ஓர் உதாரணம். ஆவடியில் இருக்கும் ஒருவர் இரவு 9.30-க்கு வீட்டில் இருக்கணும் என்று வைத்துக்கொள்வோம். நந்தம்பாக்கத்திலிருந்து ஆலந்தூர் மெட்ரோவுக்கு வரணும். அங்கிருந்து சென்ட்ரல் மெட்ரோ. மேலே ஏறி மூர் மார்க்கெட் வளாகத்தில் புறநகர் ரயிலைப் பிடிக்கணும். ஆவடியில் இறங்கி வீட்டுக்குப் போகணும். டிராஃபிக், பிளாட்பாரத்தில் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து குறைந்தது இரண்டு மணி நேரமாவது கையில் இருக்கணும். அப்படின்னா அவர் 7.30-க்குள் கிளம்பியாகணும். சந்திப்பை 7.30-க்குத் தொடங்கினால், அவர் கிளம்பும் நேரத்தில்தான் மற்றவர்கள் கைகுலுக்கவே ஆரம்பிப்பார்கள்.

'மெட்ரோ ராத்திரி 11 மணி வரை இருக்கே' என்று சொல்லலாம். ஆனா மெட்ரோ கொண்டுபோய் விடுவது சென்ட்ரல் வரை அல்லது திருமங்கலம் வரைதான். அதற்கு அப்புறம் இருக்கும் தூரம்தான் கஷ்டமே.

எந்த நேரத்தில் வைக்கலாம்?

மூன்று வழிகள் இருக்கு.

1. மாநாடு முடிந்த உடனே, பக்கத்திலேயே. மாலை 5.30 முதல் 7.15 வரை. டீ, பஜ்ஜி, சுண்டல் போதும். இடம் நந்தம்பாக்கம், ராமாபுரம், மணப்பாக்கம், போரூர் பக்கமா இருக்கட்டும். 'ஓட்டல் போய் ஃப்ரெஷ் ஆகிட்டு வர்றேன்' என்ற இடைவெளி வேண்டாம். அந்த இடைவெளியில்தான் உள்ளூர்க்காரர்கள் காணாமல் போகிறார்கள்.

2. மறுநாள் காலை டிபன். காலை 7.45 முதல் 9.15 வரை, போரூரிலோ காட்டுப்பாக்கத்திலோ ஒரு சைவ ஓட்டலின் மினி ஹால். பொங்கல், வடை, ஃபில்டர் காபி. வெளியூர், வெளிநாட்டு விருந்தினருக்கும் புது அனுபவம். எதிர்த்திசையில் போகும் பயணம் கிடையாது. அப்படியே மாநாட்டுக்குப் போய்விடலாம். வீட்டில் கேள்வியும் வராது. டின்னரைவிட செலவும் குறைவு.

3. அடுத்து வரும் ஞாயிறு, மாலை 4 மணி. இது மாநாட்டுக்கு வரவே முடியாதவர்களுக்கு. லீவு கிடைக்காதவர், டிக்கெட் வாங்க முடியாதவர், ஷிஃப்டில் இருப்பவர். அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஓர் இடம். மாநாட்டுக்குப் போனவர்கள் ஆளுக்கு பத்து நிமிடம், 'நான் கேட்டதுல இது முக்கியம்' என்று சொல்லணும். அப்புறம் பேச்சு, டீ.

மூன்றில் ஒன்றை மட்டும் செய்ய முடியும்னா, மூன்றாவதைச் செய்யுங்கள். மற்ற இரண்டும் ஏற்கெனவே உள்ளே வந்தவர்களுக்கு. மூன்றாவதுதான் கதவைத் திறப்பது.

எந்த இடம்? கல்யாண மண்டபம்னு யோசிச்சீங்களா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் 'கன்வென்ஷன் சென்டர்' தேடினால் சலிப்புதான் வரும். ஆனா கல்யாண மண்டபத்துக்குப் பஞ்சமே இல்லை.

இங்கேதான் காலண்டர் கைகொடுக்குது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் பெரும்பாலும் காலியாக இருக்கும். 2024 உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்த ஜனவரி 7, 8, யுமாஜின் 2025 நடந்த ஜனவரி 9, 10 எல்லாமே மார்கழிதான். மண்டபக்காரரிடம் பேரம் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆடி மாசமும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் இருக்கும் டைனிங் ஹாலை மட்டும் மூணு மணி நேரத்துக்குக் கேட்டால், வாடகை இன்னும் குறையும்.

ஜனவரி என்றால் இன்னொன்றும் கவனிக்கணும். பொங்கலுக்குச் சொந்த ஊர் கிளம்பும் கூட்டம். அந்த வார இறுதியில் சாலைகள் திணறும். தை முதல் தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று மாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

வேறு இடங்களும் இருக்கு. மேற்கு புறநகரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் ஏராளம். செமினார் ஹால், புரொஜெக்டர், வைஃபை, கழிப்பறை எல்லாம் தயார். கல்லூரி நிர்வாகத்துக்கும் தங்கள் மாணவர்கள் வெளி ஆட்களைச் சந்திப்பது லாபம்தான். ஒரே நிபந்தனை, அந்தக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது.

பட்டாபிராம் டைடல் பூங்காவையும் மறக்கக் கூடாது. 330 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட இந்த 21 மாடிக் கட்டடம் 2024 நவம்பர் 22 அன்று திறக்கப்பட்டது. ரயில் நிலையமும் பக்கம். ஐ.டி. வேலைக்காகக் கிழக்கே ஓ.எம்.ஆருக்குப் போய்க்கொண்டிருந்த பகுதிக்கு ஐ.டி. கட்டடமே வந்துவிட்டது. அப்போ சந்திப்பு மட்டும் ஏன் இன்னும் கிழக்கேயே இருக்கணும்?

சரக்கு இல்லாம 'நெட்வொர்க்கிங்' நடக்குமா?

உலக அளவில் பல டெக் மாநாடுகளின் மாலைகள் மதுவைச் சுற்றித்தான் சுழல்கின்றன. லிஸ்பனில் நடக்கும் 'வெப் சம்மிட்' தன் இரவுச் சந்திப்புகளுக்கு 'நைட் சம்மிட்' என்றே பெயர் வைத்திருக்கு. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் 'ஃபாஸ்டெம்' திறந்த மென்பொருள் மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ஆனால் அது தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவுச் சந்திப்பு பியருக்குப் பெயர்போனது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் மது அருந்த சட்டப்படி 21 வயது ஆகியிருக்கணும். கல்லூரி மாணவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வயதைத் தொடாதவர்கள். ஆக, பாரில் சந்திப்பு என்று சொன்ன அந்த நொடியே மாணவர்கள் வெளியே. குடிக்காதவர்கள், மத நம்பிக்கையால் தவிர்ப்பவர்கள், பெண்களில் பலரும் வெளியே. உரிமம் இல்லாத மண்டபத்திலோ ஹாலிலோ மது பரிமாறுவது சட்டப்படியும் சிக்கல்.

தனியா நாலு பேர் எங்கே போகிறார்கள் என்பது அவர்கள் விருப்பம். ஆனா 'எல்லோரும் வாங்க' என்று அறிவிக்கும் சந்திப்பில் டீ, காபி, பிரியாணி போதும். சைவம் தனி மேஜை, அசைவம் தனி மேஜை. பிரியாணி என்றால் வெஜ் பிரியாணிக்கும் தலை எண்ணி ஆர்டர் கொடுங்கள். 'தயிர் சாதம் இருக்கு' என்று சமாளிக்காதீங்க.

பெண்கள் வரணும்னா என்ன செய்யணும்?

'பெண்களும் வரலாம்' என்று போஸ்டரில் போடுவது ஏற்பாடு ஆகாது. என்ன நேரம் முடியும், பக்கத்து பஸ் ஸ்டாப் எது, யாரைக் கேட்கணும் என்று போஸ்டரிலேயே போடுவதுதான் ஏற்பாடு.

• முடியும் நேரத்தைச் சொல்லி, அதே நேரத்தில் முடிக்கணும். '7 மணி முதல்' என்று மட்டும் போட்டால் யாரும் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

• ஒரே திசையில் போகிறவர்களைச் சேர்த்துவிடுங்கள். ஆவடி குழு, அம்பத்தூர் குழு, பூந்தமல்லி குழு. கிளம்பும்போது ஒன்றாகக் கிளம்பட்டும்.

• சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் இலவசப் பயணம் உண்டு. அந்த பஸ்கள் நிற்கும் சாலைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தால், வந்துபோகும் செலவே கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கணும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) அலுவலகக் கட்டடத்தை மட்டும் பணியிடமாகப் பார்ப்பதில்லை. வேலை காரணமாக ஊழியர் போகும் இடங்களும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அதில் அடங்கும். கம்பெனி சார்பில் மாநாட்டுக்குப் போய், அதன் தொடர்ச்சியாக நடக்கும் டின்னரில் ஒரு ஊழியருக்குத் தொல்லை நடந்தால், 'அது ஆபீஸ் டைம் இல்லை' என்று நிறுவனம் எளிதில் கைகழுவ முடியாது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கணும். 10-க்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவை அணுகலாம். பொதுவாக, சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் தரணும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181.

இன்னொரு தொல்லை, செல்போன் நம்பர். பதிவு செய்தவர்கள் எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுநாளிலிருந்து 'ஹாய்' மெசேஜ் வர ஆரம்பிக்கும். அறிவிப்பு மட்டும் வரும் சேனல், அல்லது ஈமெயில் போதுமே. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கும் நாட்டில், பதிவுப் படிவத்தில் தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பதுதான் நல்லது.

வந்தவர் ஓரமா நின்னுட்டுப் போனா?

இதுவும் அடிக்கடி நடப்பதுதான். இங்கிலீஷ் சரளமா வராது, யாரையும் தெரியாது, போனைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். அதற்கும் வழி உண்டு.

எரிக் ஹோல்ஷர் என்ற அமெரிக்க புரோகிராமர் சொன்ன 'பேக்-மேன் விதி' டெக் வட்டாரத்தில் பிரபலம். வட்டமாக நின்று பேசும்போது, ஒருவர் வந்து சேர்ந்துகொள்ளும் அளவுக்கு எப்போதும் ஒரு இடைவெளி விட்டு நிற்கணும். பழைய வீடியோ கேமில் வாயைத் திறந்தபடி வரும் மஞ்சள் வட்டம் மாதிரி. ஒருவர் சேர்ந்ததும், இன்னொரு இடைவெளி.

பைகான் மாதிரி மாநாடுகளில் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று ஒரு முறை இருக்கு. ஒரு பலகை இருக்கும். யார் வேண்டுமானாலும் தலைப்பு, நேரம் எழுதி ஒட்டலாம். விருப்பம் உள்ளவர்கள் அங்கே கூடுவார்கள். இதைத் தமிழில் செய்யுங்கள். 'மெக்கானிக்கல் படிச்சுட்டு டேட்டா வேலைக்குப் போனவங்க', 'முதல் இன்டர்வியூ அனுபவம்', 'தமிழில் ஏ.ஐ.' என்று மூன்று மேஜை போட்டால், ஓரமாக நிற்பவருக்கும் உட்கார ஓர் இடம் கிடைக்கும்.

தமிழில் கேட்கலாம், தமிழில் பதில் சொல்லலாம் என்று தொடக்கத்திலேயே ஒருவர் சொல்லிவிட்டால், பாதி தயக்கம் அப்போதே போய்விடும்.

அனுமதி வேணுமா?

ஹாலுக்குள் 40, 50 பேர் கூடும் தனியார் சந்திப்பும், பொது இடத்தில் கூட்டம் சேர்ப்பதும் ஒன்றல்ல. பூங்கா, ஏரிக்கரை, சாலையோரம் என்றால் உள்ளாட்சியையும் காவல்துறையையும் முன்கூட்டியே கேட்டுக்கணும்.

யாரைக் கேட்பது என்பதில்தான் குழப்பம். அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். ஆனா போலீஸ் எல்லை, 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சிப் பகுதிக்கும் போலீஸ் ஆவடி ஆணையரகம்தான். தவறான ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாள்தான் போகும்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் தடை உண்டு. நம்ம திட்டப்படி 8 மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிடுவதால், இந்தப் பிரச்னையே வராது.

எதிர்பாராதது நடந்தா?

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங் சென்னை, மாமல்லபுரம் வந்தார். பைகான் இந்தியா தொடங்கிய அக்டோபர் 12-ம் அதே நேரம். விமான நிலையம், கிண்டி, ஓ.எம்.ஆர், ஈ.சி.ஆர் என்று போக்குவரத்துக் கட்டுப்பாடுகள். மாநாட்டுத் தேதியை ஆறு மாதம் முன்பே குறித்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. வி.ஐ.பி. வருகை இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பு போக்குவரத்து போலீஸ் அறிவிப்பைப் பார்ப்பதும், போரூர் வழி ஒன்று, மதுரவாயல் பைபாஸ் வழி ஒன்று என இரண்டு வழிகளைக் கையில் வைத்திருப்பதும் இதனால்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது நந்தம்பாக்கம், மணப்பாக்கம் பக்கம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. இந்த மாதங்களில் சந்திப்பு வைத்தால், 'ரத்து ஆனா எப்போ சொல்வோம், எப்படிச் சொல்வோம்' என்பதும் அழைப்பிலேயே இருக்கணும்.

கூட்டம் அதிகமானால்? 2023 செப்டம்பர் 10 அன்று ஈ.சி.ஆர். பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் இசை நிகழ்ச்சியில், டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள். நம்ம சந்திப்பு அவ்வளவு பெரிசு இல்லை. ஆனா கணக்கு ஒன்றுதான். ஹாலில் 60 பேர் உட்காரலாம் என்றால், 60 பேருக்கு மேல் பதிவை ஏற்காதீர்கள். 'பாதிப் பேர் வர மாட்டாங்க' என்று 120 பேரைப் பதிவு செய்தால், எல்லோரும் வரும் நாள்தான் உங்களுக்குப் பிரச்னை.

காசு யார் கொடுக்கிறது?

தலைக்கு 150 ரூபாய் டிபன், 40 பேர் என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய். ஹால் வாடகைக்கு இன்னொரு 6,000 என்று வைத்தாலும் மொத்தம் 12,000. தலைக்கு 300. சம்பளம் வாங்குபவர்கள் ஆளுக்கு 500 கொடுத்தால், மாணவர்கள் 100 கொடுத்தால் போதும். சரிபாதிப் பேர் அப்படி, சரிபாதிப் பேர் இப்படி என்றால் கணக்கு நேராகிவிடும்.

முழுக்க இலவசம் என்று அறிவித்தால் பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பவர்கள் அதிகமாவார்கள், சாப்பாடு வீணாகும். சின்னத் தொகை ஒன்றை வாங்குவது நல்லது. ஸ்பான்சர் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனா 'எங்க மேனேஜர் அரை மணி நேரம் பேசுவார்' என்ற நிபந்தனையோடு வந்தால் யோசிக்கணும். வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத்தான் இந்த ஏற்பாடு. உட்கார்ந்து கேட்க மாநாடே இருக்கே.

'பெரிய ஆளுங்க ஆவடிக்கு வருவாங்களா?'

நியாயமான கேள்வி. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரூம் போட்டிருக்கும் வெளிநாட்டு நிறுவனத் தலைவர் ஆவடி வரை வருவது கஷ்டம்தான். ஆனா, வேலைக்கு ஆள் எடுக்கும் டீம் லீடர், மூணு வருஷம் அனுபவமுள்ள டெவலப்பர், சின்ன ஸ்டார்ட்-அப் நடத்துபவர்.. இவர்களில் பலர் முகப்பேர், வளசரவாக்கம், போரூர், அம்பத்தூரிலேயே குடியிருக்கிறார்கள். ஒரு புதியவருக்கு உண்மையில் உதவப்போவதும் இவர்கள்தான்.

நகர மையத்தை விட்டு விலகியும் இது நடக்கும் என்பதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டாம். விழுப்புரம் ஜி.எல்.யு.ஜி. என்ற லினக்ஸ் பயனர் குழு, சிறுநகர, கிராமப்புற மாணவர்களைக் கூட்டி இலவசமாகத் தொழில்நுட்பப் பயிற்சி கொடுத்துவருகிறது. காஞ்சிபுரம் பெயரில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவும் தொடர்ந்து கூடுகிறது. விழுப்புரத்தால் முடியும்போது, லட்சக்கணக்கானோர் வாழும் ஆவடியால் முடியாதா?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டையும் இங்கே சொல்லலாம். இன்று பலர் தட்டச்சு செய்யும் 'தமிழ் 99' விசைப்பலகை அந்த மாநாட்டைத் தொடர்ந்து தரப்படுத்தப்பட்டது. பல ஊர்களில் தனித்தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியதால் வந்த பலன் அது. யார் அந்த இடத்தில் இருந்தார்கள் என்பது முடிவைத் தீர்மானிக்கும்.

அரசும் பெரிய நிறுவனங்களும் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, மாநாட்டின் அதிகாரபூர்வ மாலை நிகழ்வில் ஒன்றையாவது மேற்கே, பட்டாபிராம் டைடல் பூங்கா மாதிரி இடத்தில் வைக்கலாம். இரண்டு, மாநாட்டு நாள்களில் வர்த்தக மையத்திலிருந்து ஆலந்தூர் மெட்ரோவுக்கும், பூந்தமல்லி பக்கமும் இரவு 8 மணி வரை இணைப்புப் பேருந்து விடலாம். கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போடும் மாநாட்டுக்கு இந்தச் செலவு பெரிசில்லை.

சுருக்கமா..

• முதலில் வீடு திரும்பும் வழி, அப்புறம் நேரம், அப்புறம் இடம், கடைசியில் மெனு.
• ஒரு சந்திப்புதான் முடியும்னா, மாநாட்டுக்கு அடுத்த ஞாயிறு மாலை 4 மணிக்கு அம்பத்தூரிலோ ஆவடியிலோ.
• மார்கழி, ஆடியில் கல்யாண மண்டபங்களைக் கேளுங்கள்.
• டீ, டிபன் போதும். பார் வேண்டாம்.
• முடியும் நேரத்தைப் போஸ்டரில் போட்டு, அதே நேரத்தில் முடிங்க.
• வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் நம்பரையும் கொட்டாதீங்க.
• தமிழில் பேசலாம் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லுங்க.

அடுத்த மாநாட்டின் தேதி அறிவிக்கப்பட்டதும், அன்றே காலண்டரில் அதற்கு அடுத்த ஞாயிறையும் குறித்து வையுங்கள். ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், கூட வரப்போகும் பத்து பேரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: 'எத்தனை மணிக்கு நீங்க வீட்டுல இருக்கணும்?'